புதுப்பிப்பு: கிராங்க் டைட்டா நின்ன பிரச்சனை தீர்ந்துச்சு

நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின், கிராங்க் (பிஸ்டன் மேல கீழ போறத சுத்தா மாத்துற தண்டு) கிரைண்டிங் பண்ணி, அதுக்கேத்த 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் போட்டு, மெயின் கேப் (கிராங்க பிளாக்கோட சேத்துப் புடிக்கிற மூடி) எல்லாத்தையும் டைட் பண்ணதும் கிராங்க் அசையவே மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தேன்ல, காரணம் கெடச்சிருச்சு.

கேப் நம்பர், திசை எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. பிஸ்டன், கனெக்டிங் ராடு, ஆயில் சீல் எதுவும் இல்லாம வெறும் கிராங்க உக்கார வச்சு, ஆயில் விட்டு, ஒவ்வொரு கேப்பா டார்க் ரெஞ்ச் வச்சு டைட் பண்ணிட்டே கையால சுத்திப் பாத்தேன். ரெண்டாவது கேப்ப டைட் பண்ணா புடிக்குது, லூஸ் பண்ணா வழுக்கிட்டு சுத்துது. பேரிங் ஷெல்ல (ரெண்டு பாதியா வர்ற பேரிங் தகடு) கழட்டிப் பாத்தா நடுவுல ஒண்ணுமே இல்ல, ரெண்டு ஓரத்துலயும் மட்டும் நகத்தால கோடு இழுத்த மாதிரி பளபளன்னு தடம். மைக்ரோமீட்டர்ல ஜர்னல் (பேரிங்குக்குள்ள சுத்துற கிராங்க் பகுதி) அளவு கரெக்ட். ஆனா ஜர்னல் ஓரத்துல வர்ற ரேடியஸ (மூலை வளைவு) பட்டறைல பெருசா விட்டுட்டாங்க, அது பேரிங் ஓரத்து மேல ஏறி உரசுது.

அத சுத்தமா வெட்டி எடுத்துரலாம்னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, அந்த வளைவு இல்லன்னா கிராங்க் அங்கதான் விரிசல் விடும். கம்பெனி அளவுக்கு ரேடியஸ சரி பண்ணி வாங்கி, ஆயில் ஓட்டையெல்லாம் பிரஷ் விட்டு கழுவி மாட்டியாச்சு. இப்ப ஒரு கையாலயே சுத்துது, எண்ட் ப்ளே (கிராங்க் முன்ன பின்ன நகர்ற இடைவெளி) ஃபீலர் கேஜ்ல 0.15 மில்லிமீட்டர். அவ்ளோ நிம்மதியா இருக்கு! அடுத்து ராடு மாட்டணும், அதுலயும் ஒவ்வொண்ணா டைட் பண்ணி சுத்திப் பாத்துட்டுத்தான் நகருவேன்.