மறு: டியூ பாயிண்ட் – 'பனிவிழுநிலை' வேண்டாம், 'பனிபடுநிலை' ஆகட்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

முதலாண்டு வளிமண்டல இயற்பியல் பாடக்குறிப்புக்காக, டியூ பாயிண்ட் (காற்று குளிரும்போது அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) என்பதற்குப் 'பனிவிழுநிலை' என்ற சொல்லைப் போன வாரம் நான்தான் முன்வைத்தேன். நான்கைந்து பேர் ஆமோதித்தீர்கள். அதைத் திரும்பப் பெறுகிறேன். காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் எவர்சில்வர் டம்ளர் சோதனை செய்தோம். டம்ளரில் பாதித் தண்ணீர், உள்ளே ஒரு தெர்மாமீட்டர். ஐஸை உடைத்துச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். டம்ளரின் வெளிப்புறப் பளபளப்பு எந்த நொடியில் மங்குகிறதோ, அந்த நொடியில் அளவைப் படிக்க வேண்டும். அறைக்குள் 28 டிகிரி. தண்ணீர் 22-க்கு இறங்கியதும் மங்கியது. விரலால் ஒரு கோடு இழுத்தேன், கோடு அப்படியே நின்றது.

முன்வரிசை மாணவி, "சார், டம்ளர் வேர்க்குது" என்றாள். பின்னாலிருந்து ஒருவன், "உள்ள இருக்கிற தண்ணிதான் கசியுது" என்றான். ஓட்டையில்லாத டம்ளரில் எப்படிக் கசியும் என்று அவனை அவர்களே மடக்கிவிட்டார்கள். அடுத்து அந்த மாணவி கேட்டதுதான் என்னைத் தொட்டது: "அப்ப மேல இருந்து விழுந்துச்சா சார்? நோட்ஸ்ல பனிவிழுநிலைன்னு போட்டிருக்கே."

மூடிய அறை. மின்விசிறி ஓடவில்லை. டம்ளரின் பக்கமெல்லாம் ஈரம், அடிவிளிம்பிலும் ஈரம். எங்கிருந்து விழுந்திருக்கும்? அறைக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவி குளிர்ந்த உலோகத்தைத் தொட்டுத் துளியானது. அவ்வளவுதான் நடந்தது. நான் கொடுத்த சொல் அவளை நேர் எதிர்ப்பக்கம் இழுத்துவிட்டது.

பேச்சுவழக்கில் பனி பெய்கிறது, கொட்டுகிறது, இறங்குகிறது என்றுதான் நாம் சொல்கிறோம். வெகுகாலம் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-இல் தம் ஆய்வை வெளியிட்டார். உயர்த்தி வைத்த பலகையின் மேலே கொஞ்சம் கம்பளி, அடியில் கொஞ்சம் கம்பளி என்று இரவில் வைத்து, காலையில் எடை போட்டுப் பார்த்தவர் அவர். அடியில் இருந்ததும் எடை கூடியிருந்தது. விழுவதாக இருந்தால் அங்கே எப்படிப் போகும்? மேலே இருந்தது இன்னும் அதிகமாகக் கூடியிருந்தது, ஏனென்றால் அது தெளிந்த வானத்தைப் பார்த்துத் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழந்து அதிகம் குளிர்ந்தது. மேகம் மூடிய இரவில் பனி குறைவதும், மரத்தடியில் புல் காய்ந்தே கிடப்பதும் இதனால்தான்.

சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன், நீடாமங்கலம் பக்கம். மார்கழி, தாளடிப் பயிர் (இரண்டாம் போக நெல்) முழங்கால் உயரம் நிற்கிறது. விடிவதற்குள் பெரியப்பாவோடு வரப்பில் நடந்தேன். ஒவ்வொரு தாளின் நுனியிலும் ஒரு முத்து. ஒரே அளவு, ஒரே இடம். "இவ்வளவு பனியா!" என்றேன். பெரியப்பா குனிந்து ஒரு தாளை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நீவிக் காட்டினார். "நுனியில நிக்கிறது பனியில்ல தம்பி, பயிரு குடிச்சது போக விட்ட தண்ணி. பனி இந்தா, இதுதான்." இலையின் உடம்பு முழுக்க மாவு தூவினாற்போல் மெல்லிய ஈரம். அவர் விரல் போன தடம் பச்சையாகத் தெரிந்தது, டம்ளரில் நான் இழுத்த கோடு மாதிரியே.

அவர் சொன்னது சரி. இரவில் வேர் உறிஞ்சும் நீர், இலை வழியே ஆவியாகப் போக முடியாதபோது நுனித் துளைகள் வழியே சொட்டாக வெளியேறுகிறது. தாவரவியலார் அதை நீர்வடிதல் என்பார்கள். ஆக, ஒரே இலையில் உள்ளிருந்து வருவது ஒன்று, வெளிக்காற்றிலிருந்து வந்து ஒட்டுவது இன்னொன்று. 'வேர்க்குது' என்ற சொல் முதலாவதுக்குப் பொருந்தும். 'விழு' இரண்டுக்குமே பொருந்தாது. இரண்டாவதுக்கு நம் வீட்டுப் பேச்சிலேயே சொல் இருக்கிறது. "பனி படும், தலையில துண்டைப் போட்டுக்க" என்று எங்கள் அம்மா சொல்லாத மார்கழி கிடையாது. வெயில் படும், காற்று படும், கை படும், பனியும் படும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இந்தச் சொல் பொய் சொல்வதில்லை. வந்து தொட்டது என்று மட்டும் சொல்கிறது.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன்.

> பாயிண்ட் என்றால் புள்ளிதானே, பனிப்புள்ளி என்றால் என்ன குறை?

கொதிநிலை, உருகுநிலை, உறைநிலை என்று தமிழ் முன்பே முடிவெடுத்துவிட்டது. அந்த வரிசையில் இது மட்டும் புள்ளியாக நிற்க வேண்டியதில்லை. போதாததற்கு, பனிப்புள்ளி என்றால் மாணவர் துளியைத்தான் நினைக்கிறார்கள், வெப்பநிலையை நினைப்பதில்லை.

> பனிநிலை போதும். பனித்தல் என்று வினையே உண்டு. கொதிநிலை போல வினைத்தொகை.

தஞ்சை ஐயா எழுதிய இந்த வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 'கண் பனித்தது' என்று இன்றும் சொல்கிறோம். இலக்கணப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது, சொல்லும் சிறியது. ஆனால் இன்றைய பதினெட்டு வயதுக் காதுக்குப் பனி என்பது பெயர்ச்சொல்தான். காலை ஈரம், மூடுபனி, உதகை உறைபனி, இமயமலைப் பனி எல்லாமே அதற்குள் அடங்கும். பனிநிலை என்றதும் தண்ணீர் பனிக்கட்டியாகும் நிலை என்று எழுதிய விடைத்தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். 'படு' சேர்ந்தால் அந்தக் குழப்பம் நீங்குகிறது.

> படுநிலை என்றால் படுத்திருக்கும் நிலை போல ஒலிக்கிறதே?

படுஞாயிறு, படுகளம் என்ற சொற்களில் யாருக்கும் அப்படி ஒலிப்பதில்லை. பனியோடு சேர்ந்தே வருவதால் இங்கேயும் ஒலிக்காது.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒரே வரியில் எழுதியிருந்ததை நாம் கவனிக்காமல் கடந்துவிட்டோம்: "எங்கட பள்ளிப் புத்தகத்தில பனிபடுநிலை எண்டுதான் படிச்சனாங்கள்." ஒப்பு ஈரப்பதத்துக்கு, அதாவது அந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவுக்கு, சாரீரப்பதன் என்ற சொல்லும் அங்கே உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் பல தலைமுறை மாணவர் எழுதிப் பழகிய சொல் இருக்க, இந்தப் பக்கம் நாம் புதிதாக ஒன்று கட்ட வேண்டாம். அவரிடம் நான் அன்றே கேட்டிருக்க வேண்டும்.

எந்தச் சொல்லையும் ஏற்கும் முன் அது குட்டி போடுமா என்று பார்ப்பது என் வழக்கம். காற்றின் வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் 'படுநிலை இடைவெளி' எனலாம். அன்றைய வகுப்பில் அது 6 டிகிரி. நிலத்தருகே உள்ள காற்று மேலெழும்போது, நீராவியால் நிறைவடையும் வரை கிலோமீட்டருக்குச் சுமார் 9.8 டிகிரி குளிர்கிறது. அதன் பனிபடுநிலையோ சுமார் 1.8 டிகிரிதான் இறங்குகிறது. ஆகவே இடைவெளியின் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 125 மீட்டர் ஏறினால் இரண்டும் சந்திக்கும். 6 டிகிரிக்கு 750 மீட்டர். அங்கேதான் மேகத்தின் தட்டையான அடிப்பாகம். 'மேகம் கட்டுது' என்று நம் ஊரில் சொல்வதை வைத்து அந்த உயரத்தை 'மேகங்கட்டு மட்டம்' என்று எழுத விரும்புகிறேன். காரைக்காலில் ஏற்றும் வானிலைப் பலூன் தரும் வரைபடத்தில் வெப்பநிலைக் கோடும் பனிபடுநிலைக் கோடும் நெருங்கி வருவதைக் காட்டி, "இங்கே இடைவெளி சுருங்குது" என்றால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

ஈரப்பதச் சதவீதம் இருக்க இது எதற்கு என்று கேட்டவருக்கு: பனிபடுநிலை 22 என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலை 24 டிகிரியில் ஒப்பு ஈரப்பதம் சுமார் 89 சதவீதம், பகல் 28-இல் 70 சதவீதம். காற்றிலுள்ள நீராவி ஒரு துளி குறையவில்லை, சதவீதம் மட்டும் சரிந்தது. கடற்காற்று உள்ளே நுழைந்தால் பனிபடுநிலை ஏறும், கோடையில் மேலைக்காற்று அடித்தால் இறங்கும். காற்றின் உண்மையான ஈரத்தைச் சொல்வது அதுதான்.

காவிரி டெல்டாவுக்கு இது வெறும் தேர்வுக் கேள்வி அல்ல. தை மாதத்தில், அறுவடைக்குச் சில நாள் முன்னால், மண் மெழுகுபதத்தில் இருக்கும்போது நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிக்கிறோம். அது வளர்வது மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் இந்தப் பனியிலும்தான். அதே பனி நெல் இலையில் நெடுநேரம் தங்கினால் குலைநோய்ப் பூஞ்சைக்கு வாசல் திறந்துவிடும். இங்கே ஒரு எச்சரிக்கையைக் குறிப்பில் சேர்க்க வேண்டும்: வானிலை நிலையத்தில் நாலடி உயரத்தில் தொங்கும் தெர்மாமீட்டர் பனிபடுநிலைக்கு இரண்டு டிகிரி மேலே காட்டினாலும், வானம் தெளிந்த, காற்றில்லாத இரவில் இலையில் பனி படும். இலை காற்றைவிட அதிகம் குளிர்ந்திருக்கும். 'படு' என்ற வினை, "எதன் மேல்?" என்று கேட்க வைக்கிறது. அந்தக் கேள்விதான் இந்த இடத்தில் வேண்டும்.

உறைபனிக்கான நிலையை 'உறைபனிபடுநிலை' என்று எழுதிப் பார்த்தேன், நீளம் உறுத்துகிறது. 'உறைபடுநிலை' எனச் சுருக்கலாமா என்று நீலகிரிப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள். அதை அன்றாடம் பார்ப்பவர்கள் நீங்கள்.

வேறு மறுப்பு வராவிட்டால் ஞாயிறு இரவு குறிப்பின் மூன்றாம் பாடத்தில் சொல்லை மாற்றிவிடுகிறேன். பழைய படியை அச்செடுத்து வைத்திருப்பவர்கள் 'விழு'வை அடித்துவிட்டுப் 'படு' என்று எழுதிக்கொள்ளுங்கள்.