கடைக்குஞ்சு வளர்த்த கதை: ஆறில் ஒன்று, பிறகு பத்தில் ஒன்பது

மொட்டைமாடி (மதுரை):

இரண்டு வருடத்துக்கு முன், மார்கழியில், எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் கலர் குஞ்சு விற்றுக்கொண்டு ஒருவர் வந்தார். ரோஸ், பச்சை, ஊதா. ஒன்று பத்து ரூபாய். மகள் அழுத அழுகையில் ஆறு வாங்கினேன். அட்டைப்பெட்டி, அடியில் செய்தித்தாள், ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு பிடி அரிசி. கோழி வளர்க்க வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

ராத்திரி முழுக்க ஒரே கத்தல். புது இடம், பயத்தில் கத்துகின்றன என்று பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் மூன்று குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக விறைத்துக் கிடந்தன. நான்காவது தண்ணீர்க் கிண்ணத்துக்குள். மறுநாள் ஊதாவும் போயிற்று. மிஞ்சியது பச்சை மட்டும். மகளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், மாடியில் இருந்த செடித் தொட்டியில் ஐந்து குழி தோண்டினேன்.

கால்நடை மருந்தகத்தில் டாக்டரிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. நோய் இல்லை, குளிர். புதிதாகப் பொரிந்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. அந்தக் கத்தல் பயமில்லை, ‘குளிருது’ என்ற பேச்சு. தாய்க்கோழி இருந்தால் சிறகுக்குள் போயிருக்கும். இந்தக் கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள் என்றும் சொன்னார். முட்டையும் இடாது, பிராய்லர் மாதிரி சதையும் போடாது. பண்ணைக்கு வேண்டாதவை, சாயத்தில் முக்கித் தெருவுக்கு வந்துவிடுகின்றன.

அடுத்த முறை யோசித்துச் செய்தேன். பொரிப்பகத்தில் ஒருநாள் வயதுச் சிறுவிடை (நாட்டுக்கோழி வகை) குஞ்சு பத்து வாங்கினேன். அவை வீட்டுக்கு வருமுன்பே கூண்டு தயார். அட்டையை வட்டமாக வளைத்து மூன்றடி அகலத்துக்கு வேலி. வட்டம் ஏன் என்றால், மூலை இருந்தால் அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். கீழே இரண்டு அங்குலத்துக்கு நெல் உமி, அதன்மேல் மூன்று நாளைக்குப் பழைய சாக்கு. செய்தித்தாள் வழுக்கும், கால் இரண்டும் பக்கவாட்டில் அகன்றுகொள்ளும். மேலே 60 வாட் குண்டு பல்பு. முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி மாதிரிக் குறைப்பு.

தெர்மாமீட்டரைவிட குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். பல்புக்கு நேர்கீழே கும்பலாக நெருக்கிக்கொண்டு கீச்கீச்சென்று கத்தினால் சூடு போதவில்லை, பல்பை இறக்கு. எல்லாம் ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஏற்று. வட்டம் முழுக்கப் பரவி, சிலது தின்று, சிலது இறக்கையை விரித்துக் கவிழ்ந்து படுத்திருந்தால் (முதல்முறை பார்க்கும்போது செத்துவிட்டது என்று நெஞ்சே நின்றுபோகும்) எல்லாம் சரி.

வந்ததும் தண்ணீர்தான் முதலில். காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை. ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை நனைத்துவிட்டேன், அப்புறம் தானே குடித்தன. தட்டில் கூழாங்கல் போட்டுவைத்ததால் எதுவும் மூழ்கவில்லை. தீவனம் இரண்டு மணி நேரம் கழித்து. வயிற்றுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் அதுவரை ஒன்றும் ஆகாது. அரிசி போடவில்லை, குஞ்சுத் தீவனம்தான் வாங்கினேன்.

மூன்றாம் நாள் ஒன்றுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டு தூங்கி வழிந்தது. பிய்த்து எடுக்கக் கூடாது, தோலும் சேர்ந்து வந்துவிடும். வெந்நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைத்துவிட்டு, தலைமுடி உலர்த்தும் மெஷினில் தூரத்திலிருந்து காயவைத்தேன். சாயங்காலம் மற்றவற்றோடு ஓடியது.

பத்தில் ஒன்பது தேறின. ஒன்றைக் காகம் கொண்டுபோனது. வலை போடாமல் ‘ரெண்டு நிமிஷம்தானே’ என்று வெயிலில் விட்டேன்.

குண்டுபல்பு (தாம்பரம்):

ஐயா, நானும் அட்டைப்பெட்டி கட்சிதான். பல்பு வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, கரண்ட் பில்லுக்குப் பயந்து எல்இடி மாட்டினேன். வெளிச்சம் பிரமாதம், சூடு சுத்தமாக இல்லை. இரண்டு குஞ்சு போனபிறகுதான் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. குண்டு பல்புக்கு நாலு கடை ஏறி இறங்கினேன். கரண்ட் போகும் ராத்திரிக்கு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி நடுவில் வைப்பேன், அதைத் தாய் மாதிரி கட்டிக்கொண்டு தூங்கும்.

இன்னொன்று, சாதாரணக் கோழிவலை பூனையைத்தான் தடுக்கும். வலை ஓரம் படுத்திருந்த குஞ்சின் காலைப் பெருச்சாளி வெளியிலிருந்தே பிடித்து இழுத்துவிட்டது. அடிப்பக்கம் ஒரு முழ உயரத்துக்கு அரை அங்குலக் கம்பி வலை போடுங்கள்.

அடைக்கோழி (தாராபுரம்):

பல்பு, தெர்மாமீட்டர் எல்லாம் சரிங்க அண்ணா. எங்க வீட்டில் அடைக்கோழிதான் பல்பு. இருபது நாளாக அடைகாக்கிற கோழி ஒன்று இருந்தால் போதும். ராத்திரி பத்து மணிக்கு மேல், விளக்கைப் போடாமல், முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கடையில் வாங்கின குஞ்சைப் பின்பக்கமாக அடிவயிற்றுக்குள் தள்ளிவிடுவேன். க்ளக் க்ளக் என்று மெல்லக் குரல் கொடுத்தால் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். விடியும்போது எல்லாம் அதன் பிள்ளைகள். பஞ்சாரத்தைக் கவிழ்த்து ரெண்டு நாள் உள்ளேயே வைத்துவிட்டு அப்புறம் மேய விடுவோம். பருந்து வந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்றிரண்டு நாள் வயதுக் குஞ்சாக இருக்க வேண்டும். ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு வாரக் குஞ்சுகளை விட்டேன். கோழி கொத்தியே விரட்டியது. குஞ்சுகளும் அதனிடம் போகவில்லை, பல்பு வெளிச்சத்தையே தேடிக்கொண்டு நின்றன. பார்க்கப் பாவமாக இருந்தது.

மொட்டைமாடி:

தங்கச்சி, இது தெரிந்திருந்தால் ஐந்து குழி தோண்டியிருக்க மாட்டேன். ஆனால் மதுரை மாடியில் அடைக்கோழிக்கு எங்கே போவேன்!

உமிமூட்டை (நாமக்கல்):

எல்லோரும் முதல் வாரத்தோடு நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அடி விழுந்தது நாலாவது வாரம். மழை, உமி ஈரம், சோம்பலில் மாற்றவில்லை. இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன, எச்சத்தில் ரத்தம். ரத்தக் கழிச்சல். டாக்டர் தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார், பதினைந்தில் பதினொன்று மிஞ்சியது. இப்போது தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைகிற உமியைத் தினமும் அள்ளிவிடுகிறேன். கையில் அள்ளிப் பிடித்தால் கட்டியாகாமல் உதிர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

வெள்ளைக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து, ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நாலு வாரம் வாக்கில் இன்னொரு முறை, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. இதைப் போடாமல் விட்டவர்கள் ஒரே வாரத்தில் கூண்டையே காலி செய்ததைப் பார்த்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால் ஒரு குப்பி நூறு கோழிக்கு வரும். கலக்கிவிட்டால் ஐஸில் வைத்தாலும் ரெண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நான் தெருவில் ஏழு வீட்டைச் சேர்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆளாளுக்குக் கூடையோடு வருவார்கள், ரேஷன் கடை வரிசை தோற்றுப்போகும்.

அது சரி, அந்தப் பச்சை என்ன ஆச்சு? குழம்பா?

மொட்டைமாடி:

மகள் இருக்கும்வரை அந்தப் பேச்சே எடுக்க முடியாது. ஒரு மாதத்தில் பச்சை உதிர்ந்து வெள்ளை வெளேரென்று ஆனான், சிவப்புக் கொண்டை, பெயர் மட்டும் பச்சை. விடியற்காலை நாலு மணிக்குக் கூவ ஆரம்பித்ததும் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். இப்போது மாமியார் ஊரில் இருக்கிறான். போன வாரம் போயிருந்தோம். மகள் “பச்சை” என்று கூப்பிட்டாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குப்பைமேட்டில் ஏறி எட்டுப் பெட்டைகளுக்குக் கிளறிக் காட்டிக்கொண்டிருந்தான்.