சுரங்கர் ஒத்தாசைச் சங்கம்: சொல் முன்மொழிவு

> 'சகோதர சங்கம்' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, வணக்கம். ஜெர்மன் சுரங்கத் தொழிலாளரின் உதவி அமைப்பான 'க்னாப்ஷாஃப்ட்' என்பதற்குப் பாடநூலில் வைக்கத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

சகோதர சங்கம் என்றதும் மதச்சபைதான் நினைவுக்கு வரும். தொடக்கத்துக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஜெர்மனியில் கோஸ்லார் நகரை ஒட்டிய ராமல்ஸ்பெர்க் சுரங்கத்தில், நோயாளிகளும் ஏழைகளுமான தொழிலாளருக்கு உதவ ஒரு சகோதரக் குழு இருந்தது. 1260இல் ஹில்டஸ்ஹைம் ஆயர் அதற்குப் பாதுகாப்பு அளித்துச் சாசனமே எழுதிக் கொடுத்தார். ஆனால் நாம் பெயர் தேடும் 'க்னாப்ஷாஃப்ட்' அதோடு நின்றுவிடவில்லை. சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் பொதுப் பெட்டியில் போட்டார்கள். அதற்குப் பெயரே 'பெட்டிக் காசு'. பாறை சரிந்து கால் போனவனுக்கும், செத்தவனின் மனைவி மக்களுக்கும் அந்தப் பெட்டிதான் கைகொடுத்தது. கைம்பெண்ணுக்கும் பங்கு உள்ள ஓர் அமைப்பைச் சகோதரர் கணக்கில் மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

'பரஸ்பர உதவிச் சங்கம்' என்பதிலும் ஒரு சிக்கல். 1854இல் அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யா சட்டம் போட்டு இதைக் கட்டாயமாக்கியது. தொழிலாளர் கட்டுவதில் பாதியாவது முதலாளியும் கட்ட வேண்டும். இலவச வைத்தியம், நோய்க்கால உதவித்தொகை, ஈமச்செலவு, உடல் முடங்கியவருக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம் எல்லாம் அந்தச் சட்டத்திலேயே உண்டு. பணம் கட்டுகிற முதலாளி திரும்ப எதுவும் வாங்குவதில்லை. அப்புறம் அது எப்படிப் பரஸ்பரம் ஆகும்?

'மொய்ச் சங்கம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மொய் ஆளுக்கு ஆள் கணக்கு வைத்துத் திருப்பிச் செய்வது. இந்தப் பெட்டியில் போட்ட காசு யாருக்குப் போனது என்று எவரும் நோட்டுப் போட்டு எழுதவில்லை. விழுந்தவருக்குப் போனது, அவ்வளவுதான்.

எனவே 'ஒத்தாசைச் சங்கம்' என்பது என் முன்மொழிவு. உழவர், மீனவர் போலச் சுரங்கர் என்றும் சேர்த்துக்கொண்டால் 'சுரங்கர் ஒத்தாசைச் சங்கம்'. 1883இல் ஜெர்மனியின் அன்றைய தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டத்துக்கு முன்மாதிரியாக இருந்த அமைப்பு இது. பாடநூலில் 'நலச்சங்கம்' என்று பொத்தாம்பொதுவாகப் போய்விடக் கூடாது.

> ஒத்தாசை எனக்கும் சரி. சங்கத்துக்காகத் தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் 'மூத்தவர்'களை என்னவென்று சொல்வது?

மூப்பர் என்றே சொல்லலாம் ஐயா. நோயாளியைப் போய்ப் பார்ப்பதும், உறுப்பினருக்காக நிர்வாகத்திடம் பேசுவதும் அவர்கள் வேலை. 'பிரதிநிதி' என்றால் அந்த நெருக்கம் வராது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டு சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.