நூத்துக்குத் தொண்ணூறு சண்டை தரையிலதான் முடியுமாமுங்க!

கம்புச்சுத்தி:
காந்திபுரத்துல ஒரு தற்காப்பு கிளாஸ் நோட்டீஸ் பாத்தனுங்க. "100 சண்டையில 90 தரையிலதான் முடியும், தரைச்சண்டை கத்துக்கங்க"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஆருங்க உக்காந்து எண்ணுனது?

தரைப்புலி:
நான் அங்கதான் போறேன். 1993ல முதல் யூஎஃப்சி, எந்தப் பாணிக்காரனும் மோதற அமெரிக்கப் போட்டி. தரைச்சண்டைக்காரர் ராய்ஸ் கிரேசி ஒரே ராத்திரியில மூணு பேரை ஜெயிச்சாரு, மூணு பேருமே அவரைவிட எடை கூட. ஒத்தைக் கையில கிளவுஸ் மாட்டிட்டு வந்த பாக்ஸர், இவரு மேல ஏறி உக்காந்ததுமே தரையைத் தட்டித் தோல்வியை ஒத்துக்கிட்டாரு. தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க.

கம்புச்சுத்தி:
அது ஒத்தைக்கு ஒத்தை, கீழ மெத்து. உக்கடத்துல கீழ ஜல்லி. நீங்க ஒருத்தன் கையை முறுக்கிட்டுக் கெடந்தா, கூட வந்தவன் மண்டையில மிதிப்பான். 90க்குப் பதில் சொல்லுங்க.

அவினாசி அம்மிணி:
ஏனுங் கம்பு, டவுன் பஸ்ஸுல ஆறடிக் கம்போடவா ஏறுவீங்க? எங்களைத் தள்ளி விடறவன் மேல ஏறத்தான் பாப்பான். அங்க முதல்ல சொல்லித் தர்றதே இடுப்பை நகத்தி அடியில இருந்து வெளிய வர்றதும், ஒரு கையை ஊனி மூஞ்சியைக் காப்பாத்திட்டே எந்திரிக்கிறதும்தான். எந்திரிச்சா ஓட்டம்.

கம்புச்சுத்தி:
ஓடச் சொல்லித் தர்றதுக்கு 90 எதுக்குங்க அம்மிணி?

நொய்யல் ஆத்தோரம்:
லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசோட 1988 பதிவுகளை வெச்சுக் கெளம்புன கதை அது. போலீஸ்காரங்க விலங்கு மாட்ட ஆளைக் கீழ படுக்கப் போட்ட கணக்கு. அதுலயும் 90 கெடையாது.

கம்புச்சுத்தி:
கேட்டுக்கிட்டீங்களா புலி?

தரைப்புலி:
சரி, 60ன்னே வெச்சுக்கங்க. கழுத்துல ரெண்டு பக்கமும் ரத்தக்குழாயை அமுக்கினா பத்து செகண்டுல கண்ணு சொருகிரும். அப்ப உங்க கம்பு என்ன பண்ணும்?

கம்புச்சுத்தி:
"60ன்னே வெச்சுக்கங்க"ளா? ஈரோட்டு மஞ்சள் ஏலமாட்டப் பேசறீங்க! நோட்டீஸ்ல இருந்தது 90.

பொள்ளாச்சி இளநீ:
காங்கயம் காளை விவகாரத்துலயும் இவரு இப்படித்தான், ஒத்தை நம்பரைப் புடிச்சுட்டு நாலு நாள் விடல. குத்துவரிசையில, அதான் நம்மூரு வெறுங்கைச் சண்டையில, பூட்டு இருக்கு, புடி இருக்குன்னு அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க?

கம்புச்சுத்தி:
காளையை இங்க இழுக்காதீங்க, அதுல நான் சொன்னதுதான் சரி. பூட்டு நின்னுட்டுப் போடறது. படுத்துட்டு இல்ல.

தரைப்புலி:
எங்க கிளாஸ்ல கூட்டம் சேருதுன்னு உங்களுக்கு எரியுது.

கம்புச்சுத்தி:
மாசம் ரெண்டாயிரம் வாங்கறாங்க, எரியாதா? நான் ஐநூறுதான் வாங்கறேன்.

அவினாசி அம்மிணி:
ஓ! நீங்களும் கிளாஸ் வெச்சிருக்கீங்களா? இப்பப் புரியுதுங்க.

கம்புச்சுத்தி:
அது வேற, இது வேற. 90க்கு ஆதாரம் எங்க?

தரைப்புலி:
ஞாயித்துக்கெழமை நேர்ல வாங்க, காட்டறேன். மேட் போட்டு வெக்கறேன்.

கம்புச்சுத்தி:
மேட் எதுக்கு? களத்துமேட்டுக்கு வாங்க.

தரைப்புலி:
மேட்டுக்கு வாங்க மொதல்ல.

பொள்ளாச்சி இளநீ:
காளை விஷயத்துல இவரு சொன்னது சரி இல்லீங்க. பழைய பதிவை எடுத்துப் போடட்டுமா?