உரிமைக்காக வழக்குப் பேசுற ஒருவரைக் கௌரவிக்க பொன்னாடை காணுமோ?

வெள்ளவத்தைப் பொடியன்:
டிசம்பர் 10 மனித உரிமைகள் தினத்துக்கு எங்கட பழைய மாணவர் சங்கம் ஒரு சின்னக் கூட்டம் வைக்குது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிபட்ட பொடியளுக்காகக் காசு வாங்காமல் வழக்குப் பேசுற ஒரு லோயர் அக்காவைக் கௌரவிக்கப் போறம். பொன்னாடை, கேடயம், பேப்பரில படம் எண்டு கமிட்டி சொல்லுது. வேற என்ன செய்யலாம்?

புதுக்கடைக் கிளாக்கர்:
தம்பி, முதல்ல அவவைக் கேட்டனீங்களோ? நான் கொழும்பில கோட்டுகள் இருக்கிற புதுக்கடையில லோயர்மாரிட்டக் கிளாக்கரா இருந்து ரிட்டயர் ஆனவன். உள்ளுக்கு இருக்கிற பொடியளின்ர தாய்மார் வவுனியாவில இரவு பஸ் ஏறி, விடிய வந்து கோட்டு வாசலில முகம் கழுவிப்போட்டு நிப்பினம். வழக்கைக் கூப்பிட்ட கையோட அடுத்த தவணை விழும். சிங்களத்தில என்ன சொன்னவை எண்டும் விளங்காது. அந்த நேரம் பக்கத்தில நிண்டு, ஒரு தேத்தண்ணியும் வாங்கிக் குடுத்து, விசயத்தைச் சொல்லிற ஆள்தான் அவைக்குத் தெய்வம். சிங்களம் தெரிஞ்ச ரெண்டு பேரைத் தவணை நாளுக்கு அனுப்புங்கோ. கேஸ் கட்டு போட்டோகொப்பி அடிக்கிற செலவைச் சங்கம் ஏற்கட்டும். பொன்னாடை அவவிட்ட அலுமாரி நிறையக் கிடக்கும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
படம் வரத்தான் வேணும் அண்ணை. பேர் வெளியில தெரிஞ்சால் கை வைக்க யோசிப்பாங்கள். சந்தியா எக்னெலிகொடவின்ர மனிசன், பத்திரிகையாளர் பிரகீத், 2010 ஜனவரியில காணாமல் போனவர். தனிய நிண்டு போராடின அவவுக்கு 2017இல அமெரிக்கா சர்வதேச வீரப் பெண்கள் விருது குடுத்தது. 2021இல எங்கட சட்டத்தரணி ரனிதா ஞானராஜாவுக்கும் அதே விருது.

புதுக்கடைக் கிளாக்கர்:
பேர் தெரிஞ்ச ஆக்களை விட்டவங்களோ பிள்ளை? மனித உரிமை லோயரா இருந்த ரவிராஜ் எம்.பி.யை 2006இல கொழும்பு நாரஹேன்பிட்டியில பட்டப்பகலில சுட்டவங்கள். சண்டே லீடர் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்கு யுனெஸ்கோ பத்திரிகைச் சுதந்திர விருது கிடைச்சது 2009இல, அவரைச் சுட்டு நாலு மாதத்துக்குள்ள. யாழ்ப்பாணத்தில மனித உரிமைக்காக நிண்ட டொக்டர் ராஜினி திராணகமவை 1989இல சுட்டவங்கள். அவவோட நிண்ட ராஜன் ஹூலுக்கும் ஸ்ரீதரனுக்கும் மனித உரிமைக் காவலர்களுக்குக் குடுக்கிற மார்ட்டின் என்னல்ஸ் விருது வர 2007 ஆச்சுது. செத்தாப் பிறகு கட்டவுட் வைக்க எங்கட சனத்துக்கு ஆரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. உயிரோட இருக்கேக்க கூப்பிடுறியள், அதுக்கே இந்தப் பொடியளுக்கு ஒரு கும்பிடு. ஆனா படம் போடுறதை அவ முடிவெடுக்கட்டும், கமிட்டி இல்லை.

வெள்ளவத்தைப் பொடியன்:
கேட்டனான் ஐயா. கூட்டத்துக்கு வாறாவாம். படம் போடலாமாம், ஆனா தாய்மார் ஆரும் அதில விழக்கூடாது, மேடையில ஒரு பொடியன்ர பேரும் வரக்கூடாது எண்டவ. போட்டோகொப்பிச் செலவுக்கு உடன ஓம் சொல்லிப்போட்டா. எங்கட தலைவர்தான் இன்னும் பொன்னாடையை விடுறார் இல்லை.