புதுப்பிப்பு: பேனா அழுத்தம் பதியாத கிராபிக்ஸ் டேப்லெட், தீர்வு கிடைத்தது

புதிதாக வாங்கிய, திரையில்லாத கிராபிக்ஸ் டேப்லெட்டில் (கணினியோடு இணைத்து, பேனாவால் வரையும் பலகை) எவ்வளவு அழுத்தி வரைந்தாலும் கிரிட்டா என்ற வரைமென்பொருளில் கோடு ஒரே தடிமனில் விழுகிறது என்றும், சாய்கோடுகள் நடுங்குகின்றன என்றும் சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பேனா முனையையும் யூஎஸ்பி கேபிளையும் மாற்றிப் பார்த்ததில் பயனில்லை. முன்பு வைத்திருந்த வேறு நிறுவன டேப்லெட்டின் டிரைவர் (அதைக் கணினியோடு இயங்கவைக்கும் மென்பொருள்) கணினியில் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனைதான் பலித்தது. இரண்டு டிரைவர்களையும் நீக்கி, விண்டோஸை மறுதொடக்கம் செய்து, புதியதை மட்டும் நிறுவிய பின், டிரைவரின் சோதனைப் பெட்டியில் அழுத்தம் பதிந்தது. கிரிட்டாவில் அப்போதும் பதியவில்லை. பேனாவின் தகவலை விண்டோஸில் மென்பொருள்கள் பெற விண்டேப், விண்டோஸ் இங்க் என இரு வழிகள் உண்டு; கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பில் விண்டேப் என்றிருந்ததை விண்டோஸ் இங்க் என மாற்றி, டிரைவரிலும் அதையே இயக்கி, கிரிட்டாவை மூடித் திறந்ததும் சரியாயிற்று. டேப்லெட் வந்த அட்டைப்பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்று அச்சிட்டிருந்தாலும், இந்த இரண்டு இடங்களும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு நிலைகூடக் கிடைப்பதில்லை.

நடுக்கத்தின் காரணம் நான் எதிர்பாராதது. இவ்வகை டேப்லெட்டுகள் பேனா இருக்கும் இடத்தை மின்காந்த ஒத்ததிர்வின் மூலம் (டேப்லெட் எழுப்பும் மின்காந்தப் புலத்துக்குப் பேனா எதிர்வினையாற்றுவது) அறிவதால், அருகிலுள்ள மின்கருவிகள் குறுக்கிடக்கூடும். என் மேசையில் டேப்லெட்டை ஒட்டியே கைபேசி சார்ஜர் கிடந்தது. அதை 2 அடி தள்ளி வைத்ததும் கோடுகள் நேராகின. இதை அறியாமல் கிரிட்டாவில் கோட்டின் நடுக்கத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் வசதியைக் கூட்டிக்கொண்டே போய், மந்தமான கோடுகளோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். இப்போது அதை அணைத்தே வரைகிறேன்.