மறு: ‘கிராஸ் கரிகுலர்’ பாடத்துக்கு ‘ஊடுபாடம்’ சரிவருமா?

வணக்கம்.

அறிவியலைக் கணக்கோடும் வரலாற்றோடும் சேர்த்து நடத்தும் ‘கிராஸ் கரிகுலர்’ பாடத்தை ‘ஒருங்கிணைந்த பாடம்’ என்று சொல்லலாம் என்று ஐயா முந்தைய மடலில் எழுதியிருந்தார். பொருள் சரிதான். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு ‘ஒருங்கிணைந்த’ என்றதும் சமக்ர சிக்ஷா, அதாவது ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’த் திட்டம்தான் நினைவுக்கு வரும். ‘பல்துறைப் பாடம்’ என்றால் துறைகள் பல என்பது மட்டும் தெரிகிறது. ஒன்றுக்கொன்று கைகொடுப்பது தெரியவில்லை.

என் பரிந்துரை: ஊடுபாடம்.

ஊடுபயிரிலிருந்து எடுத்தேன். சோளத்துக்கு நடுவே தட்டைப்பயறு விதைக்கிறோம். இரண்டுக்கும் தனித்தனி அறுவடை. ஆனால் பயறின் வேர்முடிச்சு மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கிறது. நல்ல வகுப்பிலும் இதுதான் நடக்கிறது.

எட்டாம் வகுப்பில் வெப்ப விரிவு நடத்தும்போது சமூக அறிவியல் ஆசிரியரையும் உடன் அழைத்துக்கொண்டேன். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே நில அளவைக்கான அடிப்படைக் கோட்டை அளக்கத் தொடங்கிய கதையை அவர் சொன்னார். கோட்டின் நீளம் சுமார் 40,000 அடி, கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. கிட்டத்தட்ட 400 முறை நீட்டி அளக்க வேண்டும். அப்புறம் நான் கரும்பலகைக்கு வந்தேன். வெயிலில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்தச் சங்கிலி சுமார் 3.7 மில்லிமீட்டர் நீளும். இவ்வளவுதானா என்றார்கள் பிள்ளைகள். 400ஆல் பெருக்கச் சொன்னேன். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்! லாம்டன் ஏன் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்தார் என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. “அதிகாலையில மட்டும் அளந்திருக்கலாமே சார்” என்றாள் கடைசி பெஞ்சுப் பெண். அவளுக்கு அன்று வரலாறும் இயற்பியலும் ஒரே கேள்விக்குள் வந்துவிட்டன.

ஊடுபயிர் என்றால் ஒன்று முதன்மை, மற்றது துணை என்று ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகும், அது நல்லதுதான். அறிவியல் வகுப்பில் வரலாறு ஊடுபாடம். வரலாற்று வகுப்பில் அறிவியல் ஊடுபாடம். யாருடைய பீரியட் என்பதும் சொல்லிலேயே தெளிவாகிவிடுகிறது. ‘ஊடுபாடமாக நடத்தினேன்’, ‘ஊடுபாட முறை’ என்று வளைக்கவும் வருகிறது. ‘ஊடுருவல்’ நினைவுக்கு வருகிறதே என்ற தயக்கம் எனக்கு இல்லை. ஊடகம், ஊடாக என்றெல்லாம் தினமும் எழுதுகிறோமே.

ஓர் இடத்தில் மட்டும் இது பொருந்தவில்லை. ஃபின்லாந்தில் 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி, ஆண்டுக்கு ஒரு முறையாவது பல பாடங்கள் சேர்ந்த கற்றல் பகுதி ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும். அங்கே தண்ணீர், ஆற்றல் போன்ற ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எல்லாப் பாடங்களும் அதைச் சுற்றி வரலாம். முதன்மைப் பயிரே இல்லாத வயல் அது. ஆங்கிலத்தில் ‘ஃபினாமினன் பேஸ்டு லேர்னிங்’ எனப்படும் இந்த முறையை ‘நிகழ்வுவழிக் கற்றல்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘நிகழ்வு’ என்றாலே இப்போது மேடையும் மைக்கும்தான் கண்ணில் வருகின்றன. அதற்கு யாரிடமாவது வேறு சொல் இருக்கிறதா?